ஒரு மீன் போதும்

பக்கத்து வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு, வாத்தியார் வேலைக்கு வந்திருக்கிற உங்களில் யாருக்காவது வயிறு எரிந்திருந்தால் உட்காருங்கள், இது உங்களுக்குத்தான். எரியாதவர்கள் போய் டீ குடித்துவிட்டு வரலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரும் "எனக்கு அப்படியெல்லாம் கிடையாது சார்" என்றுதான் சொல்வார்கள். பத்து வருஷம் போகட்டும், அப்புறம் பேசலாம்.

நான் கணக்கு வாத்தியார். புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்லூரி வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்திருந்தது. இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு மூலைக்கு மூலை கம்ப்யூட்டர் படிப்பு முளைத்த காலம் அது. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்குத் தர்க்கமும் தெரிய வேண்டும் என்று பாடத்திட்டத்தில் ஒரு தாள் வைத்திருந்தார்கள். அதையும் கடைசி வருஷத்தில் வைத்திருந்தார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நானே பலமுறை கேட்டுப் பதில் வராமல் விட்டவன். வாசல் பலகையில் கணிதத் துறைத் தலைவர் என்று என் பெயர் இருக்கும். துறையில் மொத்தமே இரண்டு பேர்தான். தலைவர் என்றால் சாக்பீஸ் டப்பா என் மேஜையில் இருக்கும், அவ்வளவுதான் பெருமை.

அந்தத் தாளில் ஒரு பாடம் உண்டு. 'எல்லாம்' என்று சொல்கிற ஒரு வாக்கியத்தை மறுப்பது எப்படி என்பது. உங்களுக்கும் அது வந்து சேரும், அனுபவியுங்கள். நான் கரும்பலகையில் "எல்லாக் காகமும் கறுப்பு" என்று எழுதி, இதை மறுத்து எழுதுங்கள் என்பேன். முக்கால்வாசி வகுப்பு "எந்தக் காகமும் கறுப்பு இல்லை" என்று எழுதும். தப்பு. கறுப்பில்லாத காகம் ஒன்றே ஒன்று இருந்தால் போதும், அந்த 'எல்லாம்' விழுந்துவிடும். இன்னொரு பக்கம், "வெள்ளைக் காகம் ஒன்று இருக்கிறது" என்று எவனாவது சொன்னால், ஒரு கறுப்புக் காகத்தைக் கொண்டுவந்து காட்டி அவன் வாயை அடைக்க முடியாது. இருக்கிற காகம் அத்தனையையும் பார்த்து, ஒன்றுகூட வெள்ளை இல்லை என்று சொல்லியாக வேண்டும். 'எல்லாம்' என்பதை உடைக்க ஒன்று போதும். 'ஒன்று உண்டு' என்பதை உடைக்க எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பாடம் இவ்வளவுதான்.

வருஷா வருஷம் இதை நடத்தினேன். தலைகீழ் A-யும் திருப்பிப்போட்ட E-யுமாகக் குறியீடுகளைப் பலகை நிறைய எழுதுவேன். பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் மறுபடியும் "எந்தக் காகமும்" என்று வந்து நிற்கும். நான் கத்துவேன். அடுத்த வருஷமும் அதே காகம்தான் வரும், நானும் அதேபோலக் கத்துவேன்.

அப்போதுதான் எழிலரசி வேலைக்கு வந்தார். எழுத்தில் மரியாதையாக 'வந்தார்' என்று போடுகிறேன். அப்போது மனசுக்குள் 'வந்தாள்' என்றுதான் ஓடியது. குருசுக்குப்பத்துப் பெண். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. வந்த மாதமே முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "லாஜிக் பேப்பர எழில் மேடம்கிட்ட குடுத்துட்டேன் சார். உங்களுக்கும் சுமை குறையும் பாருங்க" என்றார். சுமை குறைய வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமல் செய்த உபகாரம் மாதிரி எரிச்சல் வேறெதிலும் கிடையாது.

எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் சுவர் இல்லை, பிளைவுட் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் வேறொரு வகுப்புக்குத் தொகைநுண்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் எழிலரசியின் குரல் கேட்டது.

"இந்தக் கூடையில இருக்குற மீனு எல்லாமே இன்னிக்கிப் புடிச்சதுன்னு எங்கம்மா சொல்றாங்க. நீங்க நம்பல. இன்னா பண்ணுவீங்க?"

"செவுளத் தூக்கிப் பாப்போம் மேடம்!"

"எத்தினி மீனோட செவுள?"

கொஞ்சம் சலசலப்பு. பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "கெட்டுப்போனது ஒண்ணு சிக்குனா போதும் மேடம். எங்க ஆத்தா அத்தோட சண்டைய ஆரம்பிச்சிடும்."

வகுப்பே சிரித்தது.

"அவ்ளோதான். ஒரு மீன் போதும். கூடையில இருக்குறது அத்தினியும் அழுகலுன்னு நீங்க காட்டத் தேவையே இல்ல. இப்ப எங்கம்மா பேச்ச மாத்துறாங்க. 'இந்தக் கூடையில நல்ல மீனு ஒண்ணாவது இருக்கு'ன்றாங்க. அது பொய்யின்னு காட்டணும். இப்போ?"

"கூடையக் கொட்டணும் மேடம்!"

அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். என் வகுப்பில் பின் பெஞ்சிலும் ரெண்டு பேர் "கொட்டணும், கொட்டணும்" என்று முணுமுணுத்தார்கள். நான் சாக்பீஸோடு பலகையைப் பார்த்து நின்றேன். என் காகம் இத்தனை வருஷமாகச் செய்யாததை அந்த மீன் ஒரே வகுப்பில் செய்துவிட்டது. நல்ல உதாரணம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டதுதான் கொடுமை. மட்டமான உதாரணமாக இருந்திருந்தால் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? நானும் இதே ஊரில்தான் மீன் வாங்குகிறேன். நானும்தான் செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன்!

அன்றிலிருந்து அந்தத் தடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். ஒரு வகுப்பையும் விடவில்லை. வீட்டுக்குப் போனால் அதே பேச்சு. "தெனமும் அந்தப் பொண்ணத்தான் திட்டுறீங்க. ஒரு நாளைக்கு நம்ம மூலக்கொளத்து வீட்டுக்குக் கூட்டிகினு வாங்க, மூஞ்சியாவது பாக்குறேன்" என்றாள் என் மனைவி.

மழை வந்தால் பிள்ளைகள் எழிலரசிக்குக் குடை பிடித்துக்கொண்டு போவார்கள். என்னைக் கண்டால் வராந்தாவில் ஒதுங்கி நிற்பார்கள். மரியாதைதானே என்பீர்கள். மரியாதை வேண்டாதவனுக்கு மரியாதையைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

சும்மா இருக்க முடியாமல் நானும் ஒரு காரியம் செய்தேன். லாஜிக்கில் அரியர் வைத்திருந்த பழைய பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சிறப்பு வகுப்பு எடுப்பது என் பொறுப்பாகவே இருந்தது. அவள் மீன் கொண்டுவந்தால் நான் வேர்க்கடலை கொண்டுவருவேன் என்று வறுத்த கடலை ஒரு பெரிய பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். ஒரே ஒரு சொத்தைக் கடலையை நானே தேடி எடுத்து உள்ளே போட்டிருந்தேன்.

"இந்தப் பொட்டலத்துல எல்லாக் கடலையும் நல்ல கடலை. இத உடைங்க பாக்கலாம்" என்று சொல்லி முதல் பெஞ்சில் கொடுத்தேன். ரொம்ப ஆர்வமாக வாங்கினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெறும் காகிதம்தான் இருந்தது.

"சொத்த யாருக்கு வந்துது?"

கடைசியில் ஒருவன் எழுந்து, "எல்லாம் நல்லாத்தான் சார் இருந்துது. இன்னோரு பொட்டலம் வச்சிருக்கீங்களா?" என்றான்.

உங்களுக்குச் சொல்கிறேன், உடைப்பதற்கான சாட்சியை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். பசி நேரத்தில் வகுப்பிடம் கொடுக்காதீர்கள். அடுத்தவன் கூடையைப் பார்த்து உங்கள் பொட்டலத்தைக் கட்டாதீர்கள் என்பதும் அதில் அடக்கம், ஆனால் அதை நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

கடைசி வருஷத் தேர்வு வந்தது. எழிலரசியின் வகுப்பு முழுக்க ஒரே கூடத்தில் எழுதியது, ஒரு பெண்ணைத் தவிர. சுகுணா என்று கருவடிக்குப்பத்துப் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை போட்ட பிள்ளைகளைத் தனி அறையில் உட்கார வைத்து எழுதச் சொல்வது வழக்கம். அந்த அறைக்கு மேற்பார்வை பார்க்க மற்றவர்கள் பயப்படுவார்கள். எனக்குச் சின்ன வயசிலேயே போட்டுவிட்டதால் அந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அறை. மேஜையில் வேப்பிலை. நானும் அந்தப் பெண்ணும் மட்டும்.

கேள்வித்தாளைப் பார்த்தேன். "எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை எண்கள்" என்று ஒரு கூற்று. "ஏதோ ஒன்று உண்டு" என்கிற மாதிரி இன்னொரு கூற்று. இரண்டையும் மறுத்து எழுதி, உதாரணத்தோடு விளக்கச் சொல்லியிருந்தார்கள். சுகுணா என்ன எழுதுகிறாள் என்று நடக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். மறுப்பைச் சரியாக எழுதிவிட்டு, அடியில் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். கூடை. மீன். முதலாவதுக்கு ஒரு மீன் போதும், இரண்டாவதுக்குக் கூடையைக் கொட்ட வேண்டும். அம்மைக் காய்ச்சலிலும் மீனா என்று போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

சில வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. அந்த வகுப்புக்கு மட்டும் வரவில்லை, நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கேயோ வெளியூரில் உட்கார்ந்து தாள் திருத்தியவருக்கு, கணக்குத் தாளில் ஒவ்வொரு பிள்ளையும் அழுகின மீனைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டிருக்கிறது. அவரைக் குறை சொல்லமாட்டேன். அத்தனை தாளிலும் அதே கூடை, அதே வாக்கியம். கூடத்தில் யாரோ ஒருவர் சொல்லச் சொல்ல அத்தனை பேரும் எழுதியிருக்கிறார்கள் என்று அவர் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டார்.

கூட்டுக் காப்பி என்று முடிவானால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் போச்சு. அடுத்த தேர்வும் எழுத முடியாது. மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டவர்கள், வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் ரிசல்ட் மட்டும் கேட்கிறார்கள் என்று நின்றவர்கள், எல்லாரும் கல்லூரி வாசலில் வந்து நின்றார்கள். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவனின் அப்பா வயலை விட்டுவிட்டு வந்து, முதல்வர் அறை வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "எம்புள்ள திருடலன்னு யாராவது ஒருத்தரு எழுதிக் குடுங்க சார், போதும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து விசாரணை அதிகாரியாக ஒருவர் வந்தார். வரலாற்றுப் பேராசிரியர். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார். முதல்வர் அறையில் அவர், முதல்வர், எழிலரசி, நான். துறைத் தலைவர் என்பதாலும் தனி அறைக்கு மேற்பார்வை பார்த்தவன் என்பதாலும் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள்.

அவர் சொன்னது இதுதான். "ஒரே கூடத்துல ஒக்காந்து, ஒரே கேள்விக்கு, ஒரே மீன எழுதியிருக்காங்க. இப்படி எழுதுனவங்க எல்லாருமே காப்பி அடிச்சவங்கதான், வேற வழியே இல்ல. இந்த வகுப்புல எல்லாரும் இப்படித்தான் எழுதியிருக்காங்க. அதனால எல்லாரும் காப்பி. நான் வேற இன்னா முடிவுக்கு வர்றது, நீங்களே சொல்லுங்க."

எழிலரசிக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் ஆள் தயாராகத்தான் வந்திருந்தார். "சார், எல்லாரும் காப்பின்னு சொல்றீங்க. சுகுணான்னு ஒரு பொண்ணு. அம்மை போட்டுதுன்னு தனி ரூம்ல எழுதினா. பக்கத்துல ஒரு பிள்ளையும் கெடையாது. அவளும் இதே மீனத்தான் எழுதியிருக்கா. அவ யாரப் பாத்து சார் எழுத முடியும்? எல்லாரும் காப்பின்றது உடைஞ்சிபோச்சி சார்."

அதிகாரி தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"நியாயம்தான். எல்லாரும்னு சொன்னது தப்பு. அந்தப் பொண்ணோட ரிசல்ட்ட வெளியிட்டுடலாம்" என்று குறித்துக்கொண்டார். "மத்தவங்களோடது நிக்கட்டும்."

"சார், மத்தவங்களும்..."

"மத்தவங்களும் தனி ரூம்லயாம்மா எழுதினாங்க?"

என்ன நடந்தது என்று எழிலரசிக்கு அப்போதுதான் புரிந்தது. எதை உடைக்க வேண்டும் என்று கேட்டாரோ, அது உடைந்துவிட்டது. 'எல்லாரும் காப்பி' என்பது உடைந்தால் கிடைப்பது 'ஒருத்தராவது காப்பி இல்லை' என்பதுதான். அந்த ஒருத்தர் சுகுணா. கணக்குத் தீர்ந்தது. மிச்சப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு துரும்பும் கிடையாது. வருஷம் முழுக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொல்லிக்கொடுத்த பாடம், அவரே அதில் மாட்டிக்கொண்டார்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? குளுகுளுவென்று இருந்தது. ஆகா, உனக்கும் சறுக்குமா என்று இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். வேலை புதுப்பிக்கமாட்டார்கள், தடுப்புக்கு அந்தப் பக்கம் அமைதியாகிவிடும், லாஜிக் என்னிடம் திரும்பி வரும். என் காகம் திரும்பி வரும். இதையெல்லாம் நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனாலும் பேசினேன். நல்ல மனசு என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலில் நின்ற அந்த அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது உண்மைதான். அதைவிடப் பெரிய காரணம் வேறு. எழிலரசி தப்பான 'எல்லாரும்' மேல் கை வைத்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சரியானது எது என்பதும் தெரிந்துவிட்டது. இவளுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியிருக்கிறது! அதை வெளியே சொல்லாமல் உள்ளே வைத்துக்கொள்ள எந்த வயிற்றெரிச்சல்காரனாலும் முடியாது.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "நீங்க ரெண்டு 'எல்லாரும்' சொன்னீங்க. வகுப்புல எல்லாரும் காப்பின்றது கடைசியா சொன்னது. அதுக்கு முன்னாடி, மீன எழுதுனவங்க எல்லாரும் காப்பி அடிச்சவங்கன்னு ஒண்ணு சொன்னீங்க. அதுதான் அஸ்திவாரம். சுகுணாவ அது மேல வச்சிப் பாருங்க."

அவருக்குப் பிடிபடவில்லை. நான் ஒரு தாளை எடுத்துக் குறியீட்டில் எழுதிக் காட்டினேன். தலைகீழ் எழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். சரி, எல்லாக் காகமும் கறுப்பு என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் பொறுமையாகக் கேட்பார்கள். ஒன்றும் ஏறவில்லை.

வேறு வழி இருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எழிலரசியின் முகத்தைப் பார்க்காமல், கூடையை எடுத்தேன்.

"சார், மீன் வாங்கப் போறீங்க. ஐஸ்ல வச்ச மீனு எல்லாமே பழைய மீனுன்னு உங்களுக்கு ஒரு கணக்கு. இந்தக் கூடையில இருக்குறது எல்லாமே ஐஸ்ல வச்சது. அதனால செவுளத் தூக்கிப் பாக்காமலே கூடை மொத்தமும் பழசுன்னு சொல்றீங்க."

"சரி."

"ஒரு மீன எடுத்து செவுளத் தூக்குறோம். செவேல்னு இருக்கு. அதுவும் ஐஸ்ல இருந்ததுதான். இப்ப இன்னா ஆச்சி? அந்த ஒரு மீனு மட்டுமா தப்பிச்சிது? ஐஸ்ல வச்சா பழசுன்ற உங்க கணக்கே போயிடுச்சே சார். இனிமே மத்த மீனப் பழசுன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட இன்னா இருக்கு?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மீன எழுதினா காப்பி..." என்று மெல்ல இழுத்தார். "அந்தப் பொண்ணு மீன எழுதியிருக்கு. காப்பி அடிக்கல."

"ஆமா சார். அதனால மீன் எதுக்கும் சாட்சி கெடையாது. யாருக்கும்."

"அப்படி வுட்டுட முடியுமா? நடுவுல ஒருத்தராவது காப்பி அடிச்சிருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம். அடிச்சார்னு சொல்றது நீங்க. அந்த ஒருத்தர எடுத்துக் காட்டுங்க. ஒருத்தரும் அடிக்கலன்னு எங்களக் கூடையக் கொட்டிக் காட்டச் சொன்னா எப்டி சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் லேசுப்பட்ட ஆளில்லை. என்னை உற்றுப் பார்த்து, "தனி ரூம்ல அந்தப் பொண்ணுகூட இருந்தது நீங்க மட்டும்தான். நீங்களே சொல்லிக் குடுத்திருந்தா?" என்றார்.

"அவங்க மீன நான் சொல்லிக் குடுப்பேனா சார்?" என்று கத்தியேவிட்டேன்.

முதல்வர் இருமுவது போலச் சிரித்தார். "அய்யய்யோ, அது நடக்காது சார். இவரு அந்த மேடத்துக்கு ஒரு சாக்பீஸ் எடுத்துக் குடுக்கமாட்டாரு. காலேஜுக்கே தெரியும்."

"அப்போ தனியா ஒக்காந்த பொண்ணுக்கு மீனு எங்கேருந்து வந்துது?"

"கிளாஸ்லேருந்து" என்றேன். "இந்த வருஷம் முழுக்க இவங்க லாஜிக்குக்கு இந்த மீனத்தான் நடத்தினாங்க. ஒரு பிள்ள தப்பு பண்ணா மொத்த வகுப்பும் 'ஒரு மீன் போதும்'னு கத்தும். எனக்குப் பக்கத்து ரூம். ஒரு நாள் விடாம கேட்டிருக்கேன்."

"ஒரு நாள் விடாமயா? நீங்க எதுக்கு சார் கேட்டீங்க?"

"வயித்தெரிச்சல் சார்."

அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகினார். இந்த மாதிரி ஒரு சாட்சியை நான் பார்த்ததே இல்லை என்றார். வேண்டியவன் சொல்கிற நல்ல வார்த்தையைச் சந்தேகப்படலாம், ஆகாதவன் சொல்கிறதை என்ன செய்வது என்று முதல்வரைப் பார்த்துக் கேட்டார். பிறகு, எந்தப் பிள்ளை மேலாவது தனியாக வேறு ஆதாரம் இருந்தால் மட்டும் நிறுத்தலாம், மீனை வைத்து யாரையும் நிறுத்துவதற்கில்லை என்று எழிலரசியின் முன்னாலேயே சொன்னார். வேறு ஆதாரம் எதுவும் அவர்களிடம் இல்லை. ரிசல்ட் அந்த வாரமே வந்துவிட்டது.

தம்பிகளா, தங்கச்சிகளா, தொழில் சம்பந்தமாக உங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் இதில் சொல்ல வேண்டும். நெருக்கடியில் எவனாவது 'எல்லாம்' என்று சொன்னால், கையில் இருக்கிற எதிர்ச்சான்றைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வாக்கியத்தின் மேல் எறியாதீர்கள். அந்த வாக்கியம் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். மேலே அடித்தால் ஒருத்தர் தப்பிப்பார். அஸ்திவாரத்தில் அடித்தால் எல்லாரும் தப்பிப்பார்கள். ஒரே பெண், ஒரே தாள்தான். எங்கே வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. பதற்றத்தில் இது யாருக்கும் தெரியாது. எழிலரசிக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது.

விசாரணை முடிந்து வெளியே வந்தோம். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எழிலரசியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு பெண்கள் அவர் மேல் சாய்ந்து அழுதார்கள். உள்ளே பேசியது யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் தள்ளி நின்று பார்த்தேன். அடிவயிற்றில் மறுபடியும் அதே எரிச்சல். பேசியது நான், கும்பிடு அவளுக்கா?

கூட்டம் கலைந்ததும் எழிலரசி நேராக என்னிடம் வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லத் தயாராக நின்றேன். அவர் நன்றி சொல்லவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கு ஏன் சார் அது தோணல?" என்றார்.

நான் தயாராக வைத்திருந்த 'அதெல்லாம் ஒன்றுமில்லை'யை விழுங்கிக்கொண்டேன்.

"என் பசங்க சார். எங்கம்மா கூடை. என் மீனு. அத எடுத்து நீங்க... ஐஸ் மீனு, செவுளு... எவ்ளோ அழகா சொன்னீங்க! எனக்குத்தான சார் தோணியிருக்கணும்?" குரல் உடைந்தது. "அடுத்த வருஷம் நான் அதத்தான் நடத்தணும். நீங்க சொன்னதத்தான் நடத்தணும். நெனச்சாலே..."

முடிக்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் சர்வீஸில் எனக்கு யாரும் குடை பிடித்ததில்லை, சால்வை போட்டதில்லை, ஓய்வு பெற்ற அன்றைக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரமும் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. அதற்கெல்லாம் சேர்த்து அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டேன்.

"பாத்துப் போங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரி மூலக்குளத்தில் கரண்ட் இல்லை, கொசு பிடுங்கியது. எழிலரசிக்குத் தூக்கம் வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே நான் சுகமாகத் தூங்கினேன்.